காவலும் கம்பியும்

மதுரைச் சொக்கநாதரின் அறுபத்துநான்கு திருவிளையாடல்களில், வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் அடக்கமாட்டாமல் சிரிக்கும் கதை ஒன்றுண்டு. பன்றிக்குட்டிக்கு முலை கொடுத்த படலம். பாண்டியன் வேட்டைக்குப் போகிறான். ஆண்பன்றியும் பெண்பன்றியும் அவன் படையோடு சண்டையிட்டுச் சாகின்றன. பன்னிரண்டு குட்டிகள் பாலுக்குக் கத்திக்கொண்டு கிடக்கின்றன. சிவபெருமான் தாய்ப்பன்றியாக வந்து மடி கொடுக்கிறார். மதுரைப் புதுமண்டபத்தில் இதற்குச் சிற்பமும் இருக்கிறது. பன்றி முகத்தோடு, குட்டிகளை அணைத்தபடி.

சிரிப்பு அடங்கியதும் முன்கதையைச் சொல்வேன். அந்தப் பன்னிரண்டும் முற்பிறவியில் ஓர் உழவனின் பிள்ளைகள். வைகைக்கரையில், இன்று குருவித்துறை என்கிறோமே, அந்த ஊர்க்காரன், பேர் சுகலன். அப்பன் போனதும் பிள்ளைகள் வேடர்களோடு சேர்ந்து காட்டில் திரிகிறார்கள். தவத்திலிருந்த வியாழபகவான் மேல் கல்லையும் மண்ணையும் எறிந்து சாபம் வாங்கிக்கொண்டு பன்றி வயிற்றில் வந்து பிறக்கிறார்கள். உழவேண்டிய கை கிளறுகிற மூக்காகிவிட்டது. பின்னால் அதே பன்னிரண்டு பேரும் பாண்டியனுக்கு மந்திரிகளாவது அடுத்த படலம். அந்த இடம் வந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து யாராவது ஒருத்தன் நடப்பு மந்திரி ஒருவரின் பேரை முணுமுணுப்பான். எனக்குக் காது கேட்காத நேரம் அது.

ஓய்வு பெற்று, பாலக்கோடு பக்கம் காட்டோரத்தில் வீட்டுக்காரர் விட்டுப்போன நிலத்தில் கடலையும் சோளமும் போட ஆரம்பித்தபிறகு அந்தக் கதை எனக்கு வேறுமாதிரி கேட்கிறது. இப்போது நான் பாண்டியன் பக்கம் நிற்கிறவள்.

பன்றி தின்பதைவிடக் கெடுப்பது அதிகம். மக்காச்சோளத் தட்டையை மிதித்துச் சாய்த்து, கதிரை இரண்டு கடி கடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். கடலையில் காய் பால் பிடிக்கும்போதே மோப்பம் எட்டிவிடும். சால் பிடித்த மாதிரி வரிசையாகச் செடிகளைப் புரட்டிப் போட்டிருக்கும். மரவள்ளிக்குக் கிழங்கு விழுந்தால் போதும். தாய், வளர்ந்த மகள்கள், குட்டிகள் என்று குடும்பமாக வரும். நாலு மாதத்துக்குள் சினை முடிந்து, ஈற்றுக்கு நாலு, ஐந்து, ஆறு என்று போடும். ஏரிக்குள் சீமைக்கருவேலம் மண்டியபிறகு அதற்குக் காட்டுக்குத் திரும்பவேண்டிய அவசியமே இல்லை. பகலெல்லாம் முள்ளுக்குள் படுத்துக் கிடந்துவிட்டு இருட்டியதும் எழுந்து வருகிறது. குட்டிகளைக் கவ்விக்கொண்டு போகிற நரியின் ஊளையைக் கேட்டு வருஷங்கள் ஆகின்றன.

நாங்கள் பார்க்காத வைத்தியம் இல்லை. பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டினோம். சலூனில் முடி வாங்கி வரப்பில் தூவினோம். அழுகிய முட்டையைக் கரைத்துத் தெளித்தோம். காலி பீர் பாட்டில்களைக் காற்றில் மோதிக்கொள்ளும்படி தொங்கவிட்டோம். ஒவ்வொன்றும் ஒரு வாரம் கேட்கும். அதற்குள் பன்றி படித்துவிடும். களையெடுக்க வருகிற ஒரு பாட்டி சொன்னாள்: "ராத்திரில ஒதுங்கப் போனா இந்தச் சேலையப் பாத்து எனக்குத்தான் பயமா இருக்கு டீச்சரம்மா. பன்னி பாட்டுக்குப் போவுது."

பக்கத்துக் காடு என் கொழுந்தனாருடையது. அவருக்குப் பொறுமை போய்விட்டது. "அண்ணி, கெணத்து மோட்டார்லருந்து ஒரு லைன் இழுத்தா ஒரே ராத்திரில முடிஞ்சுடும். நீங்க கண்ணால பாக்கக்கூட வேணாம்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் என் மனசு மாட்டிக்கொண்டது. பாவம் எவ்வளவு, சட்டம் என்ன சொல்லும் என்பதெல்லாம் அப்புறம். கண்ணால் பார்க்க வேண்டாம் என்பதை ஒரு சலுகையாக எனக்கு அவர் நீட்டினார். என் உறுத்தல் அங்கேதான்.

லைன் இழுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் பக்கத்தில் விளக்கம் தேவையில்லை. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே காட்டுப்பன்றிக்கென்று வைத்த மின்கம்பியில் மூன்று பெண்யானைகள் மாட்டிச் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் தப்பின. தப்பி, தாய்களின் உடலையே சுற்றிச் சுற்றி வந்தன. கம்பி வைத்தவருக்கு யானையோடு பகை ஏதும் இருந்திருக்காது. யானை வரும் என்று அன்றிரவு நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார். அதற்கும் மூன்று வருஷத்துக்கு முன்னால், 2020இல், பாலக்காட்டுப் பக்கம் ஒரு சூல்யானை வெடி வைத்த காயைக் கடித்து வாய் கிழிந்து, ஆற்றுக்குள் இறங்கித் தண்ணீரில் நின்றபடியே செத்தது. பன்றிக்கு வைக்கிற அந்த வெடிக்கு இங்கே அவுட்டுக்காய் என்று பேர். நாய் கடித்துச் செத்திருக்கிறது, மாடு கடித்துத் தாடை போயிருக்கிறது. கம்பி வைத்த குடியானவன் விடியற்காலையில் அதை அவிழ்க்க மறந்து, தானோ தன் வீட்டு ஆளோ மிதித்துப் போன செய்தியும் பேப்பரில் வந்தபடிதான் இருக்கிறது.

கொல்லலாமா கூடாதா என்று கேட்டால் நம் மரபு ஒரே வாயால் பதில் சொல்வதில்லை. பன்றியை நாம் எங்கெங்கெல்லாம் வைத்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் எனக்கே வியப்பாக இருக்கிறது. கடலுக்குள் அமிழ்ந்த பூமியைக் கொம்பில் தூக்கி வந்தது வராகம். மாமல்லபுரத்தில் அதைக் கல்லில் பார்க்கலாம். திருமலையில் வேங்கடவனுக்கு முன்னால் வராகசாமியைச் சேவிக்கவேண்டும் என்பது முறை. ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராகனுக்குக் கோரைக்கிழங்கில் செய்த பிரசாதம். பன்றிக்குப் பிடித்தது எது என்று தெரிந்து படைத்திருக்கிறார்கள். என் நிலத்திலும் கோரை உண்டு. அதற்காகவும்தான் வந்து தோண்டுகிறது, அந்த வகையில் களை எடுத்துக் கொடுக்கிறது என்று சொன்னால் கொழுந்தனார் என்னை அடிக்க வருவார். சிவன்கோயில் கருவறையின் பின்சுவரில் லிங்கோத்பவரைப் பாருங்கள்: அடிமுடி தேடிய கதையில் திருமால் பன்றியாகி நிலத்தைக் குடைந்துகொண்டே போகிறார், அடி அகப்படவில்லை. தோண்டப் போய்ப் பன்றி தோற்றது அந்த ஓர் இடத்தில்தான்.

மறுபக்கமும் இருக்கிறது. சிவனே வேடனாக வந்து அருச்சுனனோடு போட்டி போட்டுப் பன்றியின் மேல் அம்பு விட்டார். கண்ணப்பர் காளத்தியப்பருக்குப் படைத்தது, தாம் துரத்திக் கொன்ற பன்றியின் இறைச்சியை. பொங்கல் கழிந்து எத்தனையோ ஊர்களில் சாமி குதிரையேறிப் பாரிவேட்டைக்குப் போகிறது. அம்பு விட்ட அதே சிவன்தான் பன்றிக்குட்டிகளுக்குப் பால் கொடுத்தவர். இதில் எதையாவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கட்சி கட்டுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

வள்ளுவரும் எளிதாகத் தப்பவிடமாட்டார். கொல்லாமை அதிகாரத்தில் தன் உயிரே போவதானாலும் இன்னோர் உயிரைப் பறிக்காதே என்கிறார். உழவு அதிகாரத்தில், உழுவதைவிட எரு நல்லது, களையெடுத்தபின் நீரைவிடக் காவல் நல்லது என்கிறார். முப்பது வருஷம் இரண்டையும் தனித்தனிப் பாடமாக நடத்தினேன். நிலத்துக்கு வந்தபிறகு இரண்டும் ஒரே வரப்பில் எதிரெதிரே வந்து நிற்கின்றன. கொல்லாமல் காப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அங்கே அவர் எடுத்துச் சொன்னது காப்பைத்தான், வேட்டையை இல்லை. அதை நான் சும்மா விடுவதாயில்லை.

சமணர்கள் இதை இன்னும் நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள். வந்தவாசி, திண்டிவனம் பக்கத்துத் தமிழ்ச் சமணர்கள் தலைமுறை தலைமுறையாக விவசாயிகள். ஏர் இறங்கினால் புழு சாகும் என்று அவர்களுக்குத் தெரியாதா? துறவிக்கு ஒரு விதி, இல்லறத்தானுக்கு ஒரு விதி என்று வைத்தார்கள். இல்லறத்தான் செய்யும் இம்சையிலும் நான்கு வகை பிரித்தார்கள். வேண்டுமென்றே கொல்வது ஒன்று. அடுப்பு, உலக்கை, துடைப்பம் என்று வீட்டு வேலையில் தானாக நேர்வது ஒன்று. தொழிலில் நேர்வது ஒன்று. தாக்க வருகிறவனைத் தடுக்கும்போது நேர்வது ஒன்று. முதலாவதை அறவே விடவேண்டும். மற்ற மூன்றையும் எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்கவேண்டும். பன்றி எந்தக் கணக்கில் வரும்? தொழிலிலா, தற்காப்பிலா? இருளில் கம்பி வைத்துவிட்டு வீட்டில் போர்த்திக்கொண்டு படுப்பது? எனக்கு அது முதல் வகைக்குப் பக்கத்தில் வருவதாகத்தான் படுகிறது.

காந்தியை இங்கே எதிர்பார்க்க மாட்டீர்கள். 1946இல், நாட்டில் உணவுப் பஞ்சம் இருந்த நேரத்தில், பயிரை அழிக்கிற குரங்குகளைப் பற்றி 'ஹரிஜன்' இதழில் எழுதினார். மனிதன் பட்டினி கிடக்கும்போது அகிம்சையின் பேரால் விலங்குகளைப் பயிரைத் தின்ன விடுவது பாவம் என்பது அவர் கட்சி. கறாரான பேச்சு. அகிம்சைக்காரர் என்பதால் குடியானவன் வயிற்றை மறந்துவிடவில்லை. நகரத்தில் உட்கார்ந்துகொண்டு, பாவம் வாயில்லா ஜீவன் என்று எனக்கு உபதேசம் பண்ணும் என் மாணவர்களுக்கு இதைச் சொல்வேன். அவர்கள் தட்டில் இருக்கும் கடலைச் சட்னிக்கும் எங்கேயோ ஒரு வரப்பில் ஒருத்தர் பன்றியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்.

எங்கள் மாமியார் வீடு சைவம். பன்றியின் தொல்லை அந்தக் காலத்திலும் இருந்தது. என்ன செய்தார்கள்? வலையும் நாயும் கொண்டு வேட்டையாடுகிற ஆட்கள் வந்தார்கள். அறுவடைக்கு முன்னால் சொல்லியனுப்பினால் போதும். பிடித்ததை அவர்களே எடுத்துக்கொண்டு போனார்கள். கூலியாக ஒரு மரக்கால் கேழ்வரகு. வாசலுக்கு உள்ளே அவர்களை விடமாட்டார் மாமியார். கொன்ற கை அவர்களுடையது, காப்பாற்றப்பட்ட பயிர் எங்களுடையது, அசைவம் தொடாத புண்ணியமும் எங்களுடையது! நம் ஊரில் கொல்லாமை பல வீடுகளில் இப்படித்தான் நடந்திருக்கிறது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்பின் அந்த ஆட்கள் குற்றவாளிகள் ஆனார்கள். அவர்கள் பாட்டன் செய்த வேலையை இப்போது மோட்டார் ரூமிலிருந்து வரும் கம்பி செய்கிறது. அன்றைக்கு வேறு சாதிக் கையில் ஒப்படைத்ததை இன்றைக்கு மின்சாரத்திடம் ஒப்படைத்திருக்கிறோம். மின்சாரத்துக்கு ஒரு மரக்கால் கேழ்வரகுகூடக் கொடுக்க வேண்டியதில்லை.

அவர்களுக்கும் கம்பிக்கும் உள்ள வேறுபாட்டை நான் பெரிதாக நினைக்கிறேன். வலைக்காரர் பன்றியை எதிரே பார்த்தார். சினையா, குட்டிபோட்டதா என்று மடியைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர். அது திரும்பிப் பாய்ந்தால் அவர் தொடை கிழியும். நற்றிணையில் பாண்டியன் உக்கிரப் பெருவழுதி பாடியதாக ஒரு பாட்டு இருக்கிறது: தினைப்புனத்துக்குள் நுழையவந்த பன்றி, பல்லி சொல்லும் குரல் கேட்டுச் சகுனம் சரியில்லை என்று பையப் பின்வாங்கித் தன் இடத்துக்குப் போய்விடும். அந்தப் புனத்திலும் பொறி வைத்திருக்கிறார்கள், கொல்லத்தான் வைத்தார்கள். ஆனால் பன்றி என்ன நினைக்கும், எதற்கு அஞ்சும் என்று ஒருவன் யோசித்திருக்கிறான். பரண்மேல் ராவெல்லாம் விழித்திருப்பவனுக்கு அந்த யோசனை வராமல் இருக்காது. கம்பிக்கு எது வந்தாலும் ஒன்றுதான். யானை, நாய், பக்கத்துவீட்டுப் பையன், யாரென்று கேட்காது. யாரைக் கொல்கிறேன் என்று தெரியாத கொலையை எந்த தர்மத்தில் வைப்பது? கூடாது என்று நான் சொல்வது இந்த ஒன்றைத்தான். கொல்வதானால் தெரிந்து கொல்லவேண்டும், ஒரு கை வேண்டும், அந்தக் கைக்கு ஒரு பேர் வேண்டும்.

இதே அளவுகோலை மருந்துக்கும் வைத்தால் என் தலை உருளும் என்பது எனக்குத் தெரியும். சோளத்தில் படைப்புழுவுக்கு மருந்தடித்த ராத்திரி நான் தூங்காமல் இருந்ததில்லை. மருந்துக்கும் கண் கிடையாது, தேனீயும் அதில்தான் போகிறது. புழுவுக்கு முகம் தெரியவில்லை, அதனால் எனக்கு உறுத்தவில்லை. அது நியாயமாகாது. அளவுகோலை வைக்கத்தான் வேண்டும். இப்போதைக்குப் பன்றியிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

அரசாங்கம் தன் தர்மத்தைக் கிலோமீட்டரில் அளந்து வைத்திருக்கிறது. காட்டுப்பன்றி முன்பு மூன்றாம் அட்டவணையில் இருந்தது. 2022 திருத்தத்துக்குப் பிறகு இரண்டாம் அட்டவணை. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த ஆணைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றைத் தாண்டினால் வனத்துறை ஆட்கள் சுடலாம். ஒரே பன்றி ராத்திரி பத்து மணிக்கு நிரபராதி, பதினொன்றுக்குக் கைதி, பன்னிரண்டுக்கு மரணதண்டனை பெற்றவன். என் நிலம் முதல் கிலோமீட்டரில் இருக்கிறது. கேலி செய்தாலும், இந்த ஆணையில் ஒரு நேர்மை உண்டென்று ஒத்துக்கொள்வேன். காட்டோரம் அதன் வீடு, தூரம் வந்தது அத்துமீறல் என்று எங்கோ ஒரு கோடு போடப் பார்த்திருக்கிறார்கள். சுடுகிறவர் யார் என்றும் சொல்லியிருக்கிறார்கள். கோடு போட்டவர் என் கடலைக்காட்டில் ஒரு ராத்திரி இருந்து பார்த்திருக்கலாம், அவ்வளவுதான்.

பக்கத்து மாநிலத்தில் இன்னொரு முறை. கேரளத்தில் 2022இலிருந்து ஊராட்சித் தலைவர்களே சுட அனுமதி கொடுக்கலாம். சுட்டபிறகு உடலைத் தின்னக்கூடாது, மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைக்கவேண்டும். விற்பனைக்கு வேட்டையாடத் தொடங்கிவிடுவார்கள் என்ற பயம் எனக்குப் புரிகிறது. நான் சைவம், இருந்தும் அந்த மண்ணெண்ணெய்தான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. பசித்தவன் கொன்று தின்றால் அந்த உயிர் இன்னோர் உயிரில் போய்ச் சேர்ந்தது என்றாவது சொல்லிக்கொள்ளலாம். கண்ணப்பர் முதலில் கடித்துப் பார்த்து, ருசியானதைத் தேர்ந்து சாமிக்கு வைத்தார். மண்ணெண்ணெய் ஊற்றிய உடலை எந்தச் சாமிக்கு வைப்பது?

மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்தில் ஒருமுறை எழுந்து கேட்டேன்: "சுடுவது சரி. குட்டி போட்ட பன்றியாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" கூட்டத்தில் பாதிப்பேர் சிரித்தார்கள். ஒருவர், "டீச்சர், குட்டி எல்லாம் அடுத்த வருஷம் பன்னிதானே" என்றார். தப்பில்லை, உண்மைதான். வனத்துறை அதிகாரி சிரிக்கவில்லை. மேடையிலிருந்து, அதைப் பார்த்துத்தான் செய்வோம் என்றார். எப்படிப் பார்ப்பார் என்று நான் மேலே கேட்கவில்லை. இருட்டில், முள்ளுக்குள், டார்ச் வெளிச்சத்தில் மடி தெரியுமா? பன்னிரண்டு குட்டிகளுக்கு மடி கொடுக்க ஒருவர் இறங்கி வந்தார் என்பது கதை. கதை எழுதியவருக்கும் இந்தக் கேள்வி இருந்திருக்கிறது. பதிலை மனிதன் கையில் கொடுக்காமல் கடவுளிடம் விட்டுவிட்டார்.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது கொழுந்தனார் கேட்டார்: "அண்ணி, நீங்க பென்ஷன் வாங்குறீங்க. எனக்குக் கடலைதான் பென்ஷன். பரண்ல யாரு ஒக்காருறது? ஒங்க தர்மத்துக்கு ராத்திரி முழிக்கிறவன் யாரு?" அவர் கேட்டதில் முழு நியாயம் இருக்கிறது. காவல் என்று பேசுவது சுலபம். பனியில், பாம்புக்கு நடுவில், மறுநாள் களைவெட்டப் போகவேண்டிய உடம்போடு விழித்திருப்பவன் எப்போதும் ஏழையாகத்தான் இருந்திருக்கிறான். அவனுக்குக் கூலி கொடுத்துவிட்டு நான் வீட்டில் தூங்கினால், மாமியார் காலத்துக் கணக்கே திரும்ப வந்துவிடும்.

கடைசியில் பேரம் பேசினோம். மோட்டார் லைன் கிடையாது. இரண்டு காட்டுக்கும் சேர்த்து சோலார் வேலி. 2023இல் வந்த மின்வேலி விதிகளின்படி பதிவு செய்ததாக, சுள்ளென்று அடித்துத் துரத்துவதாக, கொல்லாததாக. செலவில் முக்கால் பங்கு என்னுடையது, பென்ஷன்காரி என்பதால். காட்டை ஒட்டிய துண்டில் கடலைக்குப் பதில் எள்ளும் மிளகாயும். பன்றி அதை மதிப்பதில்லை. வேலி போட்டாலும் காய் முற்றுகிற காலத்தில் ஆள் இல்லாமல் முடியாது, பன்றி வேலிக்கடியில் மண்ணைத் தோண்டி நுழைந்துவிடும். அதற்குப் பரண் கட்டியாகிவிட்டது. முறை வைத்திருக்கிறோம்: அவர், அவர் மகன், கூலிக்கு ஓர் ஆள், அப்புறம் நான். டார்ச்சும் தகரமும் ஒரு பிளாஸ்க் காபியும் உண்டு. என் முறை வரும் ராத்திரிகளில் மகள் பெங்களூரிலிருந்து போன் பண்ணித் திட்டுகிறாள். இந்த ஏற்பாட்டுக்கும் மசியாமல் பன்றி வந்தால், மூன்றாவது கிலோமீட்டரை எங்கள் ஊர் வரைக்கும் இழுக்கச் சொல்லி மனு எழுதவேண்டும் என்று கொழுந்தனார் இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார். மனுவைத் தமிழில் பிழையில்லாமல் எழுதித்தர என்னைத்தான் கேட்பார். எழுதிக் கொடுப்பேன். மடியைப் பார்த்துச் சுடவேண்டும் என்று அதில் ஒரு வரி சேர்ப்பேன், அவர் அதை அடிப்பார், நான் மறுபடியும் எழுதுவேன்.